எருக்கலம்பிட்டியில் யாரை எண்ணுவது?
கள ஆய்வுக்குப் புறப்படும் மாணவருக்கு

"எத்தனை பேரிட்ட வினாக்கொத்து நிரப்ப வேணும், சேர்?" இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்பு எடுத்த மாணவர் மேற்பார்வையாளரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அது மூன்றாவதாக வர வேண்டியது. யாரைப் பற்றி எழுதப்போகிறேன் என்பது முதலாவது. அவர்கள் எல்லாரும் அடங்கிய பட்டியல் எங்கே இருக்கிறது என்பது இரண்டாவது. இவை இரண்டுக்கும் விடை இல்லாவிட்டால் நூறு பேரிடம் கேட்டாலும் ஆயிரம் பேரிடம் கேட்டாலும் ஆய்வு நிற்காது.

மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியை வைத்தே இதைப் பார்ப்போம். "எருக்கலம்பிட்டிக் குடும்பங்களின் வாழ்வாதாரம்" என்பது உங்கள் தலைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எளிய தலைப்பு மாதிரித்தான் தெரியும். ஊருக்குள் கால் வைத்ததும் சிக்கல் தொடங்கும்.

1990 ஒக்டோபரின் கடைசி நாட்களில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மன்னார்த் தீவின் முஸ்லிம்களில் பெருந்தொகையானவர்கள் கடல்வழியாகக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். எருக்கலம்பிட்டி மக்களில் பலர் புத்தளத்தில் பாலாவிக்கு அருகே நாகவில்லுவில் குடியேறினார்கள். எருக்கலம்பிட்டி என்ற ஊர்ப்பெயரையே தாங்கிய பாடசாலையும் அங்கே உருவானது. 2002இன் போர்நிறுத்தத்துக்குப் பிறகு சிலர், 2009க்குப் பிறகு மேலும் பலர் என்று தீவுக்குத் திரும்பினார்கள். முழுக் குடும்பமாகத் திரும்பியவர்கள் உண்டு. தகப்பன் மன்னாரில் தொழில் செய்ய, பிள்ளைகள் புத்தளத்தில் படிக்கிற குடும்பம் உண்டு. நோன்புக்கும் பெருநாளுக்கும் மட்டும் ஊர் வருகிறவர்கள் உண்டு. 1981 தொகைமதிப்பில் மன்னார் மாவட்ட மக்களில் நால்வரில் ஒருவருக்கு மேல் முஸ்லிம்கள். 2012இல் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர்.

இப்போது சொல்லுங்கள், எருக்கலம்பிட்டிக் குடும்பம் எது?

இந்தக் கேள்வியோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டிய ஓர் ஆய்வாளரை இந்த ஊரே தந்திருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியராக இருந்து 2018இல் மறைந்த சாகுல் ஹஸ்புல்லாஹ் எருக்கலம்பிட்டிக்காரர். வெளியேற்றப்பட்ட வடக்கு முஸ்லிம்கள் எந்தெந்த ஊரவர், எங்கெங்கே தங்கியிருக்கிறார்கள், எதையெல்லாம் இழந்தார்கள் என்பதைத் தரவுகளாகத் திரட்டினார். முஸ்லிம் அகதிகளை மறக்கப்பட்ட மக்கள் என்று அழைத்த அவருடைய ஆங்கில நூல் 2001இல் வெளிவந்தது. பட்டியலில் பெயர் இல்லாத மக்களுக்காக யாரும் திட்டம் தீட்டுவதில்லை. ஆகவே யாரை எண்ணுகிறோம் என்பதைத் தீர்மானிப்பது வெறும் முறையியல் அத்தியாயத்துக்குரிய வேலை அல்ல. உங்கள் ஆய்வில் இதைவிடப் பொறுப்பான முடிவு வேறொன்று இராது.

குடித்தொகையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

ஆய்வுக் குடித்தொகைக்கு மூன்று வரையறைகள் இங்கே சாத்தியம். கடந்த ஆறு மாதங்களில் பெரும்பகுதியை எருக்கலம்பிட்டியில் கழித்த குடும்பங்கள் என்பது ஒன்று. இப்போது எங்கே இருந்தாலும் எருக்கலம்பிட்டி வாக்காளர் இடாப்பில் பெயருள்ளவர்கள் என்பது இன்னொன்று. 1990இல் இந்த ஊரில் வாழ்ந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும், மன்னாரிலும் புத்தளத்திலும் வேறெங்கும் இருப்பவர்கள் என்பது மூன்றாவது. மூன்றுமே நியாயமானவை. ஆனால் ஒவ்வொன்றும் வேறொரு மக்கள் கூட்டம். ஊரின் குடிநீர், மீன்பிடி, வீதி பற்றிய ஆய்வுக்கு முதலாவது போதும். திரும்புவதா இல்லையா என்ற தீர்மானத்தை ஆராய்கிறவர் முதலாவதை எடுத்தால், திரும்பாதவர் ஒருவர்கூட மாதிரிக்குள் வரமாட்டார். திரும்பியவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு "மக்கள் திரும்ப விரும்புகிறார்கள்" என்று எழுதுவது எவ்வளவு பெரிய பிழை என்று விளக்கத் தேவையில்லை.

குடும்பம் என்பதற்கும் வரையறை வேண்டும். ஒரே வளவுக்குள் தாய், மணமான இரண்டு பெண்மக்கள், அவர்களுடைய கணவன்மார், பிள்ளைகள் என்று இருப்பார்கள். ஒன்றா, மூன்றா? ஒரே உலையில் சமைத்து உண்பவர்கள் ஒரு வீட்டலகு என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டால் வாசலில் நின்று தடுமாற வேண்டியதில்லை. வெளிநாட்டில் வேலை செய்கிற கணவனைச் சேர்ப்பதா, அவன் அனுப்பும் பணத்தை மட்டும் சேர்ப்பதா என்பதையும் வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு போங்கள்.

பட்டியல் எங்கே?

மாதிரிச் சட்டகம் என்று பாடநூல் சொல்வது இந்தப் பட்டியலைத்தான். மாணவர்கள் வழக்கமாகக் கிராம அலுவலரிடம் போய் வாக்காளர் இடாப்பைப் பார்ப்பார்கள். பல ஊர்களில் அது நல்ல தொடக்கம். இங்கே அதை அப்படியே எடுக்க முடியாது. புத்தளத்தில் வாழ்ந்துகொண்டே மன்னாரில் வாக்குப் பதிவை வைத்திருக்கிற வடக்கு முஸ்லிம்கள் ஏராளம். 2019 நவம்பர் 16ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலன்று புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன முஸ்லிம்களின் பேருந்து வரிசைமீது தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. வாக்கு ஓரிடத்திலும் வாழ்க்கை இன்னோரிடத்திலும் இருப்பதை அன்று நாடே பார்த்தது. இடாப்பில் பெயர் இருக்கும், வீடு பூட்டியிருக்கும். வீட்டில் ஆள் இருக்கும், இடாப்பில் பெயர் இராது.

பள்ளிவாசல் சந்தாப் பட்டியலும் உதவும். ஆனால் சந்தா கட்ட இயலாத வீடும், ஆண் துணை இல்லாத பெண் தலைமை தாங்கும் வீடும் அதில் விடுபடலாம். அஸ்வெசும பயனாளிகள் பட்டியல் ஏழைகள் பட்டியல். அதுவும் எல்லா ஏழைகளையும் கொண்டதல்ல. பாடசாலைப் பதிவேட்டை எடுத்தால் பிள்ளை இல்லாத முதியவர் மறைந்துபோவார்.

பட்டியல் கோணலாக இருந்தால் எண்ணிக்கை காப்பாற்றாது என்பதற்கு உலகம் அறிந்த சான்று 1936இன் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல். லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரிகளை அனுப்பியது. இருபது இலட்சத்துக்கும் அதிகமானவை திரும்பி வந்தன. லாண்டன் வெல்வார் என்றது இதழ். வென்றவர் ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46ஐ அள்ளிக்கொண்டு. இதழ் எடுத்துக்கொண்டது தொலைபேசி வைத்திருந்தவர்கள், கார் வைத்திருந்தவர்களின் பெயர்களை. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அது வசதியுள்ளவர்களின் பட்டியல். போதாதற்கு, சீட்டை நிரப்பித் திருப்பி அனுப்ப அக்கறைப்பட்டவர்களின் விடைகள்தான் கணக்கில் வந்தன. வாட்ஸ்அப் குழுவில் கூகுள் படிவத்தைப் போட்டுவிட்டு ஒரே இரவில் 200 விடை சேர்ந்துவிட்டது என்று மகிழ்கிற மாணவர் இதைப் படிக்க வேண்டும். அந்த 200 பேரில் கட்டாரிலிருந்து நிரப்பியவர் எத்தனை, அறுபது வயதைக் கடந்த பெண் எத்தனை?

அப்படியானால் என்னதான் செய்வது? நடந்து எண்ணுங்கள். கிராம அலுவலர் பிரிவின் வரைபடத்தை வாங்கி, ஒவ்வொரு ஒழுங்கையாகப் போய், வீடுகளுக்கு இலக்கமிட்டு, ஆள் வாழும் வீடு, பூட்டிய வீடு, கட்டிமுடியாத வீடு என்று குறியுங்கள். எருக்கலம்பிட்டி பெரிய ஊர். பல கிராம அலுவலர் பிரிவுகளாகப் பிரிந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒருவர் நடந்து முடிப்பது கடினம். இரண்டு பிரிவுகளைக் குலுக்கலில் தெரிந்தெடுத்து அவற்றை மட்டும் முழுமையாகப் பட்டியலிட்டாலே போதும். அரச திணைக்களத்தின் வழியும் அடிப்படையில் இதுதான். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2016இல் நடத்திய வீட்டலகு வருமான, செலவின அளவீட்டில் நாடெங்கும் 2,500 சிறு பகுதிகளை முதலில் தெரிந்து, பிறகு ஒவ்வொன்றிலும் பத்து வீடுகளாக 25,000 வீடுகளைத் தொட்டார்கள். அதை ஒரே மாதத்தில் முடிக்காமல் பன்னிரண்டு மாதங்களுக்குப் பரப்பினார்கள். மன்னாரில் வேலை செய்கிறவருக்கு அந்தக் கடைசித் தகவல் முக்கியம். வாடைக்காற்றில் கேட்ட மீன்பிடி வருமானமும் சோளகத்தில் கேட்ட வருமானமும் ஒன்றாக இருக்காது. ஒரே மாதத்தில் கள வேலையை முடிக்கிற மாணவர் எந்த மாதம் என்பதை அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும்.

தெரிவு

பட்டியல் கையில் இருந்தால் மிச்சம் எளிது. 600 வீடுகளில் 120 வேண்டும் என்றால் இடைவெளி 5. ஒன்று முதல் ஐந்து வரையான எண்களில் ஒன்றைச் சீட்டெடுங்கள். 3 வந்தால் 3, 8, 13, 18 என்று போய்க்கொண்டே இருங்கள். முறைமையான மாதிரி என்பது இவ்வளவுதான். வீதியில் நின்று கண்ணில் பட்ட வீட்டுக்குள் போய்விட்டு அதை எழுமாற்று மாதிரி என்று எழுதாதீர்கள். எழுமாற்று என்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிவாகும் வாய்ப்பு எவ்வளவு என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். நாய் குரைக்காத வீடு, திண்ணையில் ஆள் இருக்கும் வீடு, பெரிய வீதிக்கு அருகிலுள்ள வீடு என்று கால்கள் தாமாகவே தெரிந்தெடுக்கும்.

மன்னாரையும் நாகவில்லுவையும் ஒப்பிடப்போகிறீர்கள் என்றால் படையாக்கம் அவசியம். இரண்டிலும் 60 வீடுகளாக எடுப்பது ஒப்பிடுவதற்கு நல்லது. ஆனால் இரண்டையும் சேர்த்து ஒரு சதவீதம் சொல்லும்போது நிறை கொடுக்க மறக்கக் கூடாது. கற்பனைக் கணக்கு ஒன்று: ஓரிடத்தில் 400 குடும்பம், மற்றதில் 800. முதலாவதில் 60இல் 30 பேருக்குச் சொந்த வீடு, இரண்டாவதில் 60இல் 45 பேருக்கு. நேரே கூட்டினால் 120இல் 75, அதாவது 62.5 சதவீதம். உண்மையான குடும்பத் தொகைக்கு ஏற்ப நிறை கொடுத்தால் 66.7. நாலு சதவீதம்தானே என்று விட்டுவிடாதீர்கள். ஆய்வை மதிப்பிடும் குழு முதலில் கை வைப்பது இங்கேதான்.

பனிப்பந்து முறை, நோக்க மாதிரி இவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பிய பெண்களைத் தேடுகிறவருக்குப் பட்டியலே கிடையாது. ஒருவர் கைகாட்ட இன்னொருவர் என்றுதான் போக முடியும். அப்படிப் போங்கள், ஆழமாகப் பேசுங்கள். சதவீதம் மட்டும் எழுதாதீர்கள்.

இனி, அந்த மூன்றாவது கேள்வி. கிறெஜ்சியும் மோர்கனும் 1970இல் வெளியிட்ட அட்டவணையை எல்லா மாணவரும் மேற்கோள் காட்டுகிறார்கள். குடித்தொகை 500 என்றால் 217, 1,000 என்றால் 278, மிகப் பெரிய குடித்தொகைக்கு 384. ஐந்து சதவீத வழுவுக்குக் கணிக்கப்பட்டவை இவை. அதுவும் எழுமாற்றாகத் தெரிந்தால் மட்டும். வசதிக்கு எடுத்த 384, எழுமாற்றாக எடுத்த 100க்கு ஈடாகாது. 100 பேரில் வழு ஏறத்தாழ பத்துச் சதவீதம் இருக்கும். அதை வெளிப்படையாக எழுதினால் யாரும் குறைகூறப்போவதில்லை. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. 100 பேரைப் பிரித்துப் பிரித்து, கடைசியில் "விதவைகளில் 75 சதவீதம்" என்று எழுதியிருப்பார்கள். எண்ணிப் பார்த்தால் நான்கு பேரில் மூவர்.

தெரிவான வீடு பூட்டியிருந்தால் அடுத்த வீட்டுக்குள் நுழையாதீர்கள். பகலில் ஆள் இல்லாத வீடு வேறு மாதிரியான வீடு: கடலுக்குப் போனவர் வீடு, ஆசிரியர் வீடு, புத்தளம் போய் வருகிறவர் வீடு. காலை, அஸர் தொழுகைக்குப் பின், விடுமுறை நாள் என்று நேரம் மாற்றி மூன்று முறையாவது போங்கள். வெள்ளி நண்பகலில் ஜும்ஆ நேரத்தில் போய்க் கதவைத் தட்டாதீர்கள். நோன்பு மாதத்தில் களப்பணியே வைக்காமலிருப்பது நல்லது. உணவுச் செலவு பற்றிய விடைகளும் அந்த மாதத்தில் வேறாகிவிடும்.

வீட்டுக்குள் யாரிடம் கேட்பது என்பதும் தெரிவுதான். கதவைத் திறந்தவரிடம் கேட்டால் பகலில் பெண்களும் மாலையில் ஆண்களுமாக மாதிரி சாய்ந்துபோகும். லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியலாளர் 1949இல் இதற்கென ஓர் அட்டவணையையே வகுத்தார். மாணவருக்கு அதைவிட எளிய வழி, வீட்டிலுள்ள 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் கடைசியாகப் பிறந்தநாள் வந்தவரைக் கேட்பது. பெண் தெரிவானால் பெண் கணக்கெடுப்பாளர் கேட்கட்டும். ஆண் மாணவர் கேட்கும்போது கணவரோ மகனோ பக்கத்தில் நின்று விடை சொல்வது வழக்கம். அப்போது வினாக்கொத்தில் ராத்தாவின் வயதும் நானாவின் கருத்தும் ஒன்றாகக் கலந்திருக்கும்.

வினாக்கொத்து

வெளிநாட்டு ஆய்வொன்றின் ஆங்கில வினாக்களை எடுத்துத் தமிழாக்கி நகலெடுத்துக்கொண்டு போவது நம் பல்கலைக்கழகங்களில் நெடுநாள் வழக்கமாகிவிட்டது. "உமது பொருளாதார நிலைமையில் நீர் எவ்வளவு தூரம் திருப்தியுறுகிறீர்?" என்று கடற்கரையில் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருப்பவரிடம் கேட்டால் அவர் மரியாதைக்காகத் தலையாட்டுவார். நீங்கள் "ஓரளவு திருப்தி" என்று குறிப்பீர்கள். அது தரவல்ல.

நாட்கூலிக்கும் மீன்பிடிக்கும் போகிறவரிடம் மாத வருமானம் கேட்காதீர்கள். அவருடைய வாழ்க்கை மாதக் கணக்கில் ஓடவில்லை. "கடைசியாகக் கடலுக்குப் போனது எப்போது? அன்று பிடித்ததை எவ்வளவுக்கு விற்றீர்கள்? எண்ணெய்க்கும் ஐஸுக்கும் எவ்வளவு போனது? கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் போனீர்கள்?" நாலு சிறிய கேள்விகள். நினைவில் இருப்பதை அவர் சொல்வார். பெருக்கிக் கழிப்பது உங்கள் வேலை. படகு சொந்தமா, பங்குக்கா என்று கேட்காமல் விற்ற தொகையை அவருடைய வருமானம் என்று எழுதிவிடாதீர்கள்.

"நீங்கள் மீள்குடியேறியவரா? ஆம் / இல்லை" என்ற வினா இந்த ஊரில் பயன்படாது. 1995இல் புத்தளத்தில் பிறந்து 2011இல் மன்னாருக்கு வந்த இளைஞன் என்ன சொல்வான்? அவன் முதன்முறையாக வந்திருக்கிறான். அவனுடைய தகப்பன் திரும்பி வந்திருக்கிறார். அடையாளத்தைக் கேட்காமல் நிகழ்வைக் கேளுங்கள்: எங்கே பிறந்தீர்கள், 1990 ஒக்டோபருக்கு முன் குடும்பம் எங்கே இருந்தது, இந்த வீட்டில் எந்த ஆண்டிலிருந்து தொடர்ந்து இருக்கிறீர்கள், கடந்த முப்பது இரவுகளில் எத்தனை இரவு இங்கே தங்கினீர்கள்? இந்த நாலு விடைகளையும் வைத்து வகைப்படுத்தும் உரிமை பிறகு உங்களுக்கு இருக்கும்.

ஒரு வினாவில் ஒரே விடயம் மட்டும் இருக்கட்டும். "வீதியும் வைத்தியசாலையும் நன்றாக இருக்கின்றனவா?" என்றால் வீதி நல்லது, வைத்தியசாலை இல்லை என்கிறவர் எதைச் சொல்வார்? விடையை வாயில் ஊட்டும் வினாவும் வேண்டாம். "அரசின் புறக்கணிப்பால் நீங்கள் பாதிக்கப்பட்டீர்களா?" என்று கேட்டால் எல்லாரும் ஆம் என்பார்கள். அதில் நீங்கள் அறிந்தது ஒன்றுமில்லை. கடைசியாக எந்த அரச அலுவலகத்துக்கு, எதற்காக, எத்தனை முறை போனீர்கள், வேலை முடிந்ததா என்று கேளுங்கள். புறக்கணிப்பு இருந்தால் அது எண்களிலேயே எழுந்து நிற்கும்.

ஐந்து படிநிலை லைக்கர்ட் அளவுத்திட்டம் எழுதிப் பழகியவர்களுக்குரியது. வாய்மொழியாகக் கேட்கும்போது "மிகவும் உடன்படுகிறேன்" என்பதற்கும் "உடன்படுகிறேன்" என்பதற்கும் இடையே முதியவர் ஒருவர் வேறுபாடு காண்பது அரிது. முதலில் உடன்பாடா இல்லையா என்று கேட்டு, பிறகு "கொஞ்சமா, நல்லாவா?" என்று கேட்டால் நடுநிலை நீங்கலாக மற்ற நாலு படிகளும் கிடைத்துவிடும்.

வரிசையும் விடையை மாற்றும். வாசலில் நின்றதும் அடையாள அட்டை இலக்கம், வருமானம், காணி உறுதி என்று தொடங்கினால் உங்களை அலுவலகத்திலிருந்து வந்தவர் என்றே நினைப்பார்கள். வீட்டுத்திட்டம், நிவாரணம், அஸ்வெசும என்று எத்தனையோ படிவங்களை நிரப்பிக் களைத்த மக்கள் அவர்கள். கணக்கெடுப்பு என்றால் ஏதோ கிடைக்கும் அல்லது ஏதோ வெட்டப்படும் என்பது அவர்களுடைய அனுபவம். அதனால் வருமானம் குறையும், ஆட்தொகை கூடும், புத்தளத்து வீடு மறைந்துபோகும். இதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; அனுபவம் தந்த எச்சரிக்கை அது. ஆகவே முதல் நிமிடத்திலேயே தெளிவாகச் சொல்லுங்கள்: நான் பல்கலைக்கழக மாணவர், இது என் படிப்புக்கு, இதனால் உங்களுக்கு வீடோ உதவியோ கிடைக்காது, எதுவும் நிற்கவும் போவதில்லை, பெயர் எழுதமாட்டேன், விருப்பமில்லாத கேள்விக்கு விடை சொல்ல வேண்டாம். பிறகு பெயரை உண்மையாகவே எழுதாதீர்கள்; இலக்கம் போதும்.

1990 பற்றிய வினாக்கள் ஆய்வுக்கு அவசியம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அவசியமென்றால் நடுவில் வையுங்கள், கடைசியில் வேண்டாம். அந்த நாட்களைப் பேசவைத்துவிட்டு "நன்றி, வருகிறேன்" என்று எழுந்துபோவது மனிதருக்குச் செய்கிற மரியாதையல்ல. அதன் பிறகு பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், இந்த வருட மழை எப்படி என்று பேச நேரம் வேண்டும். ஒருவர் அழுதால் பேனாவை மூடிவைத்துவிட்டு இருங்கள். அந்த வினாக்கொத்து முடியாவிட்டால் முடியாமல் போகட்டும்.

முன்னோடிப் பரிசோதனையை மாதிரிக்கு வெளியே செய்யுங்கள். அருகிலேயே தாராபுரம் இருக்கிறது. பத்துப் பதினைந்து பேரிடம் வாய்விட்டு வாசித்துக் கேளுங்கள். எந்த வினாவை இரண்டாம் முறை வாசிக்க வேண்டியிருந்தது, எங்கே சிரித்தார்கள், எங்கே மௌனமானார்கள் என்று ஓரத்தில் குறியுங்கள். இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் போனால் வெட்டுங்கள். பகுப்பாய்வில் எந்த அட்டவணைக்குப் போகும் என்று சொல்ல முடியாத வினாவை முதலில் வெட்டுங்கள்.

வேலைக்கு உதவும் பக்கம்

தொண்டு நிறுவனங்களும் ஆய்வு நிறுவனங்களும் கோபோ டூல்பொக்ஸ் தெரிந்த கணக்கெடுப்பாளரைத் தேடுகின்றன. அது ஒரு கிழமையில் பழகக்கூடிய செயலி. அதைவிடக் கிடைப்பதற்கு அரியவர், தன் மாதிரிக்கு என்ன நடந்தது என்று கணக்குச் சொல்லத் தெரிந்தவர். "120 வீடுகள் தெரிவாயின. 97 வீடுகளில் முழுமையான விடை. மூன்று முறை போயும் 14 பூட்டியிருந்தன. 9 வீட்டார் மறுத்தார்கள். பூட்டியிருந்தவற்றில் பெரும்பாலானவை கடற்கரை ஒழுங்கைகளில் இருந்ததால் மீனவர் வருமானம் பற்றிய என் முடிவுகளைக் கவனத்தோடு எடுக்க வேண்டும்." இப்படி ஒரு பந்தி உங்கள் அறிக்கையில் இருந்தால் நேர்முகத் தேர்வுக்கு அந்தப் பக்கத்தை விரித்துக் கொண்டுபோங்கள்.

தரவைப் பதியும்போது "தெரியாது", "மறுத்தார்", "பொருந்தாது" மூன்றுக்கும் தனித்தனி எண் கொடுங்கள். வெற்றிடத்தைப் பூச்சியமாக்கிவிட்டால் வருமானம் சொல்ல மறுத்தவர் எல்லாரும் வருமானமே இல்லாதவர் ஆகிவிடுவார்கள். வினாக்கொத்துகளைப் பரீட்சை முடிவு வரும்வரையாவது பூட்டிவையுங்கள். வீட்டு இலக்கப் பட்டியலை அவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள்.

முடிவுகள் வந்ததும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றை எழுதி, கிராம அலுவலருக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் எருக்கலம்பிட்டி மத்திய கல்லூரி நூலகத்துக்கும் நாகவில்லுப் பாடசாலைக்கும் கொடுங்கள். அடுத்த ஆண்டு அதே ஒழுங்கைக்கு வரும் மாணவருக்கு உங்கள் வீட்டுப் பட்டியலின் எண்ணிக்கைகளும் வரையறைகளும் தொடக்கப் புள்ளியாக இருக்கும். பெயரும் இலக்கமும் இல்லாமல் அவற்றைப் பின்னிணைப்பில் சேருங்கள்.